மிதி, பிடி, விடாதே

பேத்திக்கு வயிற்றுவலி. மருமகள் விளக்கெண்ணெயைச் சூடாக்கி அவளுடைய தொப்புளைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள். அறைக்குள் காலடி வைத்ததுமே அந்த மணம் மூக்கில் ஏறியது. பிள்ளைகளுக்கு அது பேதி மருந்தின் மணம். எனக்கு எங்கள் தோட்டத்து லொறியின் மணம். அந்தக் காலத்துப் பிரேக் ஒயிலில் ஆமணக்கெண்ணெயும் ஒருவகை அல்ககோலும் கலந்திருந்தன. அப்பாவின் காக்கிச் சட்டையில், லொறிக் கதவின் கைப்பிடியில், லயத்துக் காம்பராவின் மூலையில் அவர் சுருட்டி வைக்கும் சாக்கில் என்று எங்கும் அது ஒட்டியிருந்தது. அம்மா எத்தனை தடவை சவர்க்காரம் போட்டு அடித்தாலும் போகாது.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி பெல்மதுளைச் சந்தியைத் தாண்டி பலாங்கொடைப் பக்கம் ஏறும். அதே சந்தியில் வலப்புறம் திரும்பினால் காவத்தை, அப்படியே எம்பிலிப்பிட்டி. எங்கள் தோட்டம் இந்த இரண்டு வீதிகளுக்கும் நடுவிலுள்ள மலையில் இருந்தது. மேக்கணக்கில் தேயிலை, கீழ்க்கணக்கில் இறப்பர், அதற்கும் கீழே வயல். வயலோரமெல்லாம் மாணிக்கக்கல் தோண்டும் குழிகள். அப்பா தோட்டத்து லொறி டிரைவர். பழைய பெட்ஃபோர்ட் லொறி அது. மத்தியானமும் அந்தியிலும் மேக்கணக்கிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஸ்டோருக்கு இறக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை அரிசியும் மாவும் ஏற்றி வர வேண்டும். களனிவெளிச் சின்ன ரயில் 1912இல் இரத்தினபுரிக்கு வந்து, பிறகு எங்கள் பெல்மதுளையையும் கடந்து ஓப்பநாயக்க வரை நீண்டது. எழுபதுகளில் அவிசாவளைக்கு இந்தப் பக்கம் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு தேயிலைப் பெட்டிகளின் பாரமும் லொறியின் தலையில்தான் விழுந்தது.

லொறியின் பிரேக்கில் எயார் எடுப்பதற்கு, அதாவது ஒயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு, இரண்டு பேர் வேண்டும். கிளீனர் வராத நாட்களில் அப்பா என்னைக் கூப்பிடுவார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டாது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, உடம்புப் பாரம் முழுவதையும் பெடலில் இறக்க வேண்டும். அப்பா சாக்கை விரித்து லொறிக்கடியில் படுத்துக்கொள்வார். அவர் பக்கத்தில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல், அதன் அடியில் இரண்டு விரல் அளவுக்குப் பிரேக் ஒயில். வீல் சிலிண்டரின் நிப்பிளில் ஓர் இறப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைப் போத்தலில் இருக்கும் ஒயிலுக்குள் அமிழ்த்திவிடுவார். மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ அந்தச் சக்கரம்தான் முதலில். எங்கள் லொறியில் அது இடப்பக்கப் பின்சக்கரம்.

"மிதி."

மிதிப்பேன்.

"இன்னொருக்கா மிதி. இன்னொருக்கா. ம்… புடி."

"புடிச்சிருக்கேம்ப்பா."

அந்தப் பதில் வராமல் அவர் ஸ்பேனரில் கை வைக்க மாட்டார். என் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துவார். அந்த நொடியில் என் காலுக்கடியில் பெடல் தானாக இறங்கும். கீழே போத்தலில் 'களுக் களுக்' என்று காற்று குமிழியிடும். பெடல் தட்டில் முட்டும்.

"விடாத. விடாத. நான் சொல்ற வரைக்கும் விடாத."

நிப்பிளை இறுக்கிய பிறகே "விடு" என்பார். அதற்கு முன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று குழாய் வழியாக மறுபடி உள்ளே போய்விடும், செய்த வேலையெல்லாம் வீண். மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவனின் கால் தெரியாது. நடுவில் இருப்பது சத்தம் மட்டும்தான். அப்பா வீட்டில் அதிகம் பேசுகிறவர் அல்ல. லொறிக்கடியிலிருந்து வந்த அந்த மூன்று நான்கு சொற்களில்தான் அவர் என்னோடு கூடுதலாகப் பேசியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா கீழ்க்கணக்கில் பால் வெட்டுகிறவள். விடிவதற்கு முன்பே கத்தியும் வாளியுமாகப் போய்விடுவாள். ஒருநாள் அப்பா வீல் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன இறப்பர் கப்பை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, ஓரம் மெல்லிய உதடாக விரிந்திருந்தது. "ஒங்கம்மா வெட்டுற பால்தாண்டா இது. இந்த ஒதடு கிழிஞ்சா நம்ம மலைய எறங்க முடியாது" என்றார். அன்றிலிருந்து அம்மாவின் வாளியையும் லொறியின் சக்கரத்தையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை.

இயற்கை இறப்பருக்கும் கனிய எண்ணெய்க்கும் ஒருநாளும் ஆகாது. மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில், எது பட்டாலும் இறப்பர் அதைக் குடித்து ஊதிப்போகும். பிரேக் ஒயிலில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்ததற்குக் காரணமும் அதுதான். புதிதாக வந்த கிளீனர் பையன் ஒருவன் நல்லது செய்வதாக நினைத்து, கழற்றிய கப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி ஊறவைத்துவிட்டுப் போய்விட்டான். விடிந்து பார்த்தால் கப்பெல்லாம் உப்பியிருக்கிறது, சிலிண்டருக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. அரிசிக்கே வழியில்லாமல் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள், கப்புக்கு எங்கே போவது? அப்பா இரத்தினபுரியில் கடை கடையாக ஏறி இறங்கினார். லொறி நின்றது. கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்து டிரக்டரில் இறக்கினார்கள். அவர் அந்தப் பையனை ஒரு வார்த்தை ஏசவில்லை. புதுக் கப்பு வந்த அன்று அவனையே கூப்பிட்டு உட்காரவைத்து, பிரேக் ஒயிலில் தொட்டுத் தொட்டு அவன் கையாலேயே பூட்டவைத்தார்.

பிரேக் விட்டுப்போன நாளும் நினைவிருக்கிறது. பழைய ஒயில் போய், கிளைக்கோல் கலந்த புது ரக ஒயில் வந்திருந்த காலம். மேக்கணக்கிலிருந்து இறங்கும் பாதை இரண்டு கொண்டை ஊசி வளைவுகளோடு ஸ்டோர் வரைக்கும் ஒரே சரிவு. கொழுந்து மூட்டைகளுக்கு மேல் நாலைந்து பெண்கள். நானும் முன்னால் இருந்தேன். முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவது வளைவுக்கு முன்னால் அப்பாவின் கால் தட்டு வரைக்கும் போய்விட்டது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. படபடவென்று நாலு மிதி மிதித்தார், கியரைக் கீழே போட்டார், லொறியை மலைப்பக்கம் சாய்த்து மண்மேட்டோடு உரசவிட்டார். தகரம் கிழிகிற சத்தத்தோடு நின்றது. மேலே இருந்தவர்கள் மூட்டையோடு மூட்டையாக உருண்டார்கள், ஒருவருக்கும் காயமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா பெடலை மிதித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்காத மாதிரி அது கல்லாக நின்றது.

அது எப்படி என்று கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த ரக ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்கத் தொடங்கும். ஈரம் ஏறிய பிறகு 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஒயிலில் இருக்கும் நீர் ஆவியாகும், ஆவியை அமுக்கினால் அமுங்கும், கால் கீழே போகும். ஆறினால் ஆவி மறுபடி நீராகும், பெடல் இறுகிவிடும். ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிற இரத்தினபுரிப் பக்கத்தில் ஒயில் எத்தனை நாள் காய்ந்து கிடக்கும்? அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனாலும் அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் பழைய ஒயிலை முழுவதும் கக்கவைத்துப் புது ஒயில் ஊற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

மார்கழிப் பௌர்ணமிக்கு முன்னாலும் எங்களுக்கு வேலை கூடும். சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கும்போது சமன் தெய்வத்தின் சிலையும் பூசைப் பொருட்களும் பெல்மதுளைக் கல்பொத்தாவல விகாரையிலிருந்துதான் ஊர்வலமாக மலைக்குப் போகும். வெசாக் வரைக்கும் யாத்திரை வான்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் சூடாகிப் புகைந்த வானோடு சந்தியில் தவித்து நிற்பவர்களை யாராவது எங்கள் அப்பாவிடம் அனுப்பிவைப்பார்கள். அவர் காசு வாங்க மாட்டார். சிங்கள யாத்திரிகர்கள் கட்டிக்கொண்டு வந்த பாற்சோற்றில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது போதும்.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழர் மீதான வன்செயல் பரவியபோது நான் கொழும்பில் இருந்தேன். அப்பா சொல்லித்தான் தெரியும். இரவில் லயத்துச் சனங்களை லொறியில் ஏற்றி, விளக்கும் போடாமல், சத்தம் கேட்டுவிடும் என்று எஞ்சினையும் நிறுத்திவிட்டு மலையிலிருந்து இறக்கியிருக்கிறார். எஞ்சின் நின்றால் மிதிக்குத் துணை தரும் சேர்வோ இல்லை. இரண்டு மிதிக்குப் பிறகு பெடலில் பாரம் முழுவதும் காலுக்கே வந்துவிடும். இரண்டு காலையும் பெடலில் ஊன்றி, சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து இறங்கினாராம். "எப்புடிப்பா?" என்று கேட்டேன். "புடிச்சிக்கிட்டேன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

கொழும்பில் எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் பஞ்சிகாவத்தைதான். உதிரிப்பாகக் கடைகளும் கராஜுகளும் நெருக்கியடித்த அந்தத் தெருக்களில் எல்லோருக்கும் நான் 'மல்லி', தம்பி. சிங்களம் அப்போதே சரளம். பிரேக் வேலை என்றால் பாஸ் என்னைத்தான் கூப்பிடுவார். பிறகு இரத்மலானைப் பக்கம் காலி வீதியோரம் ஒரு கராஜில் சேர்ந்தேன், அங்கே நானும் 'பாஸ்' ஆனேன். அங்கேதான் ஒருநாள் வெள்ளைத் தலைமுடியோடு ஒரு சேர் வந்து, "பாஸ், நான் வீட்டில் ஒரு பிளேன் கட்டியிருக்கிறேன். அதற்குப் பிரேக் வேலை தெரிந்த கை வேண்டும்" என்றார்.

நான் திகைக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர்கள் இலங்கையில் இருந்தார்கள். ரே விஜேவர்தன தானே வடிவமைத்துக் கட்டிய சிறு விமானங்களைப் பறக்கவிட்டதைப் பத்திரிகையில் வாசித்திருந்தேன். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், ஐம்பதுகளில் 'லாண்ட்மாஸ்டர்' என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர், பின்னாளில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். 2010இல் காலமானார். வயல், கடல், வானம் மூன்றிலும் கையை வைத்துப் பார்த்த அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை. இரத்மலானைக்கும் பறத்தலில் பழைய கதை உண்டு. 1935இல் அங்கே முதன்முதலாக வந்திறங்கிய விமானமே சென்னையின் பறத்தல் கழகப் பயிற்சியாளர் ஓட்டி வந்த ஒரு சிறு விமானம்தான்.

சேரின் விமானம் அலுமினியத் தகட்டில் ஆனது, இரண்டு பேர் உட்காரலாம். ஒவ்வோர் ஆணியாக வருடக்கணக்கில் வீட்டுக் கராஜில் அறைந்து, ஹாங்கருக்குக் கொண்டுவந்து இறக்கை பூட்டியிருந்தார். கடதாசியில் கையெழுத்துப் போட உரிமம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் வருவார். கைவேலை எனக்கு. முதல்நாள் குனிந்து காலடியைப் பார்த்ததுமே வித்தியாசம் தெரிந்தது. பெடல் இரண்டு. ஒவ்வொன்றின் மேல் நுனிக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர். இடது பெடலின் நுனியை அமுக்கினால் இடது சக்கரம் மட்டும் பிடிக்கும், வலதுக்கு வலது. முன்சக்கரம் தன்பாட்டில் சுழல்கிற ரகம். தரையில் ஓடும்போது பக்கம் திருப்புவதே பிரேக்தான். ஒரு பக்கத்தில் காற்று இருந்தால் பிடி குறையும் என்பதோடு நிற்காது, விமானம் ஓடுபாதையை விட்டே விலகிப்போகும்.

அவர் ஒயில் தகரத்தை நீட்டினார். ஊற்றிப் பார்த்தேன், கறுவாப்பட்டைச் சாயம் மாதிரிச் சிவப்பு. முகர்ந்தேன். ஆமணக்கு இல்லை, கிளைக்கோலும் இல்லை. சுத்தமான கனிய எண்ணெய். 5606 என்ற இலக்கம் போட்டது. என் உடம்பு ஒருகணம் கூசியது. அப்பாவின் சிலிண்டரில் இதை ஊற்றியிருந்தால் மறுநாளே கப்பெல்லாம் ஊதியிருக்கும். இங்கே முத்திரை வளையங்கள் நைட்ரில் என்கிற செயற்கை இறப்பர், இந்த எண்ணெய் அவற்றை ஒன்றும் செய்யாது. மாறாக, கடையில் வாங்கும் கார்ப் பிரேக் ஒயிலை இதற்குள் ஊற்றினால் இந்த வளையங்கள் கெட்டுவிடும். எந்த ஒயிலுக்கு எந்த இறப்பர் என்று பார்த்து ஊற்றுவதை என் கையில் படிய வைத்தது எங்கள் கீழ்க்கணக்குதான்.

"பெடலை யார் மிதிப்பது சேர்?" என்று கேட்டேன்.

"ஒருவரும் இல்லை. பெடலைத் தொடவே கூடாது பாஸ்."

விளக்கினார். பெடல் முழுவதும் பின்னால் வந்து நின்றால்தான் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளே இருக்கும் சின்னத் துவாரம் திறந்திருக்கும். சக்கரத்திலுள்ள கலிப்பரின் அடியில் நிப்பிள். அதில் தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, கைப்பம்புள்ள எண்ணெய்க் குப்பியால் சிவப்பு ஒயிலைக் கீழிருந்து மேலே தள்ள வேண்டும். அது குழாய் வழியாக ஏறி, மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழைந்து, துவாரம் வழியாக மேலே இருக்கும் சின்னத் தொட்டிக்கு வரும். காற்றும் அதோடு வரும். "காற்று தானாக மேலேதான் போகப் பார்க்கும். அதைப் பிடித்துக் கீழே இழுப்பானேன்?" என்றார்.

இதைக் கேட்க அப்பா இல்லையே என்று இருந்தது. கேட்டிருந்தால் நெற்றியைச் சுருக்கி இரண்டு நாள் யோசித்திருப்பார், பிறகு லொறிக்கும் அப்படி ஒரு குப்பி செய்து பார்த்திருப்பார்.

அந்த விமானத்தை நான் பல வருடங்கள் பார்த்துக்கொண்டேன். இரத்மலானை கடலோரம். உப்புக் காற்றில் டிஸ்க் ஒரே கிழமையில் துருப்பிடிக்கும். பறக்காமல் நிறுத்தி வைப்பதுதான் அதற்குப் பெரிய கேடு. மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்துவிட்டால் மேல் துரு போய்விடும். பிரேக் கட்டை இரண்டரை மில்லிமீற்றருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். கலிப்பருக்குப் பக்கத்தில் ஓடும் நைலோன் குழாய் சூட்டில் காய்ந்து வெடிப்பு விடுகிறதா என்று நகத்தால் வளைத்துப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் நான் பயந்தது கசிவுக்குத்தான். இந்தப் பழைய ரகச் சிவப்பு எண்ணெய் 82 பாகையளவு சூட்டிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடலாம். சூடேறிக் கிடக்கும் டிஸ்க்கில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், சிறு விமானங்கள் தரையிலேயே எரிந்து போவதற்கு அது ஒரு காரணம். 83282 என்ற புது ரகம் 200 பாகைக்கு மேலும் தாங்கும். சேரிடம் மன்றாடி அதற்கு மாற்றவைத்தேன். தரையில் ஓட்டும்போது குதிகாலைத் தட்டில் ஊன்றிக்கொள்ளுங்கள், விரல் நுனி பிரேக்கில் கிடக்கவே கூடாது என்று அவருக்கும் அவரோடு பறக்க வருபவர்களுக்கும் நான் சொல்லாத நாளில்லை. மேலே போன பிறகு பிரேக்குக்கு வேலை கிடையாது. ஆனால் இறங்கித்தானே ஆக வேண்டும்?

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். பெல்மதுளையில் ஒரு கராஜில் பையன் ஒருவன் தனியாகப் பஸ்ஸுக்கு எயார் எடுத்துக்கொண்டிருந்தான். காற்றழுத்த இயந்திரம் ஒன்றை மாட்டி, தொலைபேசியில் பேசிக்கொண்டே சக்கரம் சக்கரமாகப் போனான். வேலை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. டிரைவர் சீட் காலியாக இருந்தது. "தம்பி, இங்க மழ கூட. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காவாவது ஒயில முழுசா மாத்தச் சொல்லு" என்றேன். பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து ஒயிலில் நனைத்துக் காட்டினான். ஈரம் எவ்வளவு என்று அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. "நானும் அதத்தான் சொல்றேன் ஐயா, கேக்க மாட்டேங்கிறாங்க" என்றான்.

அந்த விமானத்தை நான் பார்த்துக்கொண்ட காலத்தில் சேரின் பேத்திக்கு ஏழு, எட்டு வயது இருக்கும். விடுமுறை நாட்களில் அவரோடு ஹாங்கருக்கு வருவாள். எனக்கும் வேலை தா என்று ஒரே பிடிவாதம். பெடலைத் தொடவிட முடியாது. ஒருநாள் தொட்டியின் மூடியைத் திறந்து, ஏணியில் நிற்கவைத்து, "உள்ளே பார்த்துக்கொண்டிரு மகள். குமிழி வருவது நின்றதும் சொல்லு. நீ சொல்லாமல் நான் நிறுத்த மாட்டேன்" என்றேன். நான் சக்கரத்துக்குக் கீழே படுத்துக் குப்பியை அழுத்தினேன். மேலிருந்து சத்தம் வந்தது: "வருது… வருது… ஒரு பெரிசு… இன்னும் வருது…"

மேற்கே முகில் கறுத்துக்கொண்டிருந்தது. சேருக்கு மழைக்கு முன்னால் ஒரு சுற்றாவது பறந்துவிட வேண்டும் என்று அவசரம். "போதும் பாஸ், மூடுங்கள்" என்றார். நான் மேலே பார்த்தேன்.

"இல்லை, சீயா. இன்னும் சின்னச் சின்னதாக வருது" என்றாள் அவள்.

நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். அவள் "முடிஞ்சிது" என்று கத்தியபோது தகரக் கூரையில் மழை இறங்கிவிட்டது. சேர் அன்றைக்குப் பறக்கவில்லை. மூவரும் ஹாங்கர் வாசலில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தோம்.